ஆளில்லாத தெருவில் வளைகாப்பு

வடமதுரையைத் தாண்டித் திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போய், நூற்பாலையின் காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடத்தில் இடது கைப்பக்கம் திரும்பினால் செங்குளத்துப்பட்டி வரும். அந்த ஊரில் ராமுத்தாய்க்கு என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே கோபம் வந்துவிடும். வேலை என்று சொன்னால் சம்பளம் இருக்க வேண்டும். சும்மா இருக்கிறாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பிழைக்கப் போனவர்கள் அத்தனை பேரும் வீட்டைப் பூட்டிச் சாவியை அவள் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விடுவது, மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் சட்டி வைப்பது எல்லாம் அவள் தலையில்தான்.

ஒருவனாவது நிரந்தரமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானா என்றால் இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தானக்கா" என்றுதான் எல்லோரும் போனார்கள். முதலில் உடையப்பன் திருப்பூருக்குப் போனான். பின்னாலேயே அவன் மச்சினன் போனான். பிள்ளைகள் படிப்புக்கென்று இரண்டு குடும்பம் திண்டுக்கல் டவுனுக்கு ஏறியது. ஓசூருக்கு ஒருத்தன், சிங்கப்பூருக்கு ஒருத்தன். போன இடத்தில் நாலு காசு பார்த்ததும் எல்லோரும் ஊரில் வந்து மாடி வீடு கட்டினார்கள். கட்டி, பால் காய்ச்சி, பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய்விட்டார்கள். குடியிருக்க ஆளில்லாத ஊரில் எதற்கடா மாடி என்று ராமுத்தாய் கேட்டதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தத் தெருவுக்கு அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். அப்போது மட்டும் சந்தோஷமாக இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. குழாயடியில் வரிசை, வரிசையில் சண்டை, சண்டையில் மாமியார். 'இந்தக் கூட்டம் என்றைக்குத்தான் கலையுமோ' என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கலைந்துதான் போயிற்று. இப்போது அந்தத் தெருவில் அடுப்புப் பற்றவைக்கிற வீடு இரண்டே இரண்டு. ஒன்று இவளுடையது. இன்னொன்று காது கேட்காத ஜக்கம்மாளுடையது.

இத்தோடு விட்டார்களா? கேமரா மாட்டினார்கள். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு செங்குளத்துப்பட்டி வாசலைப் பார்ப்பதில் உடையப்பனுக்கு அப்படி ஒரு சுகம். "அக்கா, வாசல்ல எல கெடக்கு பாருங்க" என்று போன் வரும். "ஏலே, எல கெடக்குறது ஒனக்குத் தெரியுது. என் இடுப்பு வலிக்கிறது தெரியுதா?" என்று இவள் கத்துவாள். அவன் சிரித்துவிட்டு வைத்துவிடுவான். கத்தினாலும் கூட்டிவிடுவாள் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

தெருக்கோடியில், முன்பு கடலை போட்டிருந்த காட்டில், மில் காண்ட்ராக்டர் ஒருவர் தகரக் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டிவிட்டிருந்தார். அதற்கு லைன் வீடு என்று பெயர். அதில் வடக்கிலிருந்து வந்த மில் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ராமுத்தாய்க்கு அவர்கள் எல்லோரும் 'இந்திக்காரவுக'. குழாயில் அவர்கள் குடம் வைத்தால் இவளுக்குப் பிடிக்காது. கொடியில் கலர் கலராகத் துணி காயப்போட்டால் பிடிக்காது. போனில் பாட்டுப் போட்டால் அறவே பிடிக்காது. ஆள் இல்லை ஆள் இல்லை என்று நாள் முழுக்கப் புலம்புகிறவள், அந்தப் பக்கம் திரும்பினால் "இம்புட்டுக் கூட்டம் எங்கிருந்துதான் வருதோ" என்று புலம்புவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். மகள் ஜீவிதா உண்டானாள்.

ஒரே மகள். மாப்பிள்ளை அய்யனாருக்குக் கோயம்புத்தூரில் பம்புசெட்டுக் கம்பெனியில் வேலை. சம்பந்தி வீடு ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ராமுத்தாயைப் பொறுத்தவரை கேள்வி கேட்கக்கூடிய விஷயமே இல்லை. கட்டிலைக் கழுவி வைத்துவிட்டாள். பிரசவ மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்கி வைத்துவிட்டாள். பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்தும் வைத்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் சம்பந்தி பழனியம்மாள் போன் செய்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. புள்ளையக் கோயம்புத்தூர்லயே வெச்சுப் பார்த்துக்கலாம்னு இருக்கோமுங்க."

"ஏன் மதினி? எங்க வீட்டுக்கு என்ன கொறச்சல்?"

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க. உங்க ஊர்லதான் ஆளே இல்லீங்களே. போன தடவ வந்தப்பப் பார்த்தேன். நாய்கூட நடுரோட்டுல தூங்குது, எழுப்பி விடறதுக்கு ஒரு ஆள் இல்லீங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருங்க வருவாங்க?"

ராமுத்தாய்க்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. தன் ஊரைத் தான் திட்டலாம். நாள் முழுக்கத் திட்டலாம். சம்பந்தி வீட்டுக்காரி திட்ட விடுவாளா?

"யார் சொன்னது ஆள் இல்லன்னு? தெரு நெறைய இருக்காக. நீங்க வந்த அன்னைக்கு எல்லாரும் ஒரு விசேசத்துக்குப் போயிருந்தாக" என்று அடித்துவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா ஒம்பதாம் மாச வளைகாப்ப இங்கயே வச்சுக்கிருவோம். வந்து ஒங்க கண்ணாலயே பாருங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

பழனியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க. வந்து பார்க்குறோம். மனசுக்குத் திருப்தியா இருந்தாப் புள்ளைய விட்டுட்டுப் போறோம். இல்லீன்னா வந்த வண்டியிலயே கூட்டிட்டு வந்துருவோம். அப்பறம் வருத்தப்படக் கூடாதுங்க."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது ராமுத்தாய்க்கு உறைத்தது. வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த புருஷன் ஈஸ்வரனிடம் சொன்னாள். அவர் எதற்கும் பதறாத மனிதர். "சரி விடு, உள்ளதச் சொல்லிருவோம்" என்றார். அவர் வாயில் 'சரி விடு' வராத நாள் கிடையாது. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே தனக்குப் பாதி முடி நரைத்தது என்பது அவள் கட்சி.

அன்றிலிருந்து அவள் ஊரைக் கூட்டப் புறப்பட்டாள். அதாவது, போனைக் கையில் எடுத்தாள். சாவி கொடுத்தவர்களில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எல்லோரும் ஜீவிதாவைத் தூக்கி வளர்த்த கதையைச் சொன்னார்கள். குடும்பத்தோடு வருகிறோம் என்று சத்தியம் செய்யாத குறைதான். ஞாயிற்றுக்கிழமை விசேஷம் என்றால், சனிக்கிழமை ஒவ்வொரு போனாக வர ஆரம்பித்தது. ஒருத்தனுக்கு ஆர்டர் அவசரம். ஒருத்தி மகளுக்கு டியூசன் பரீட்சை. ஒரு வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். ஓசூர்க்காரன் போனையே எடுக்கவில்லை.

"மனசெல்லாம் அங்கதான்க்கா இருக்கு" என்றான் உடையப்பன்.

"மனசு வந்து வளையல் போடுமாடா? ஒம் பொண்டாட்டிய அனுப்பு."

"அவ அண்ணன் வீட்டுல காதுகுத்துக்கா. ஒண்ணு செய்யுங்க. வளைகாப்ப எங்க வீட்டுக்கு நேரா வாசல்ல வைங்க. கேமராவுல நல்லாத் தெரியும். நாங்க எல்லாரும் பார்ப்போம்."

அவள் அவனை என்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து அடுப்படியில் போய் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. மகள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. "அம்மா, எனக்கு ஒங்கிட்ட வந்து இருக்கணும்மா" என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். அதற்கு நாலு மனுஷர் தெருவில் நடமாடினால் போதும். அந்த நாலு பேருக்கு எங்கே போவது?

அழுது முடித்து எழுந்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டிக் கிடந்த வீடுகளையெல்லாம் திறந்து வைத்தாள். வாசலுக்கு வாசல் சாணி தெளித்துக் கோலம் போட்டாள். ஒரு கோலம் போலவே இன்னொன்று இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வீட்டுக்கு ஒரு தினுசாகப் போட்டாள். தன் சேலைகளைக் கொண்டுபோய் வீட்டுக்கொன்றாகக் கொடியில் காயப்போட்டாள். உடையப்பன் வீட்டில் டி.வி.யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். செருப்புக் கிடந்தால்தானே ஆள் இருக்கிற வீடு போலத் தெரியும்? ஈஸ்வரனுடைய செருப்பை ஒரு வாசலில் விட்டாள். தன்னுடையதை இன்னொரு வாசலில் விட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு வெறுங்காலோடு நடந்தார்கள்.

"இதெல்லாம் வேணாம் ராமு" என்றார் ஈஸ்வரன்.

"நீங்க சும்மா இருங்க. வந்தா அரை நாள் இருக்கப் போறாக. வந்தவுகளக் கவனிச்சு, சோத்தப் போட்டு அனுப்பிட்டா முடிஞ்சுச்சு."

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு என்பதால் லைன் வீட்டில் ஒரே கூட்டமாக இருந்தது. ராமுத்தாய் நேரே அங்கே போனாள். குழாயடியில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றிருந்தாள். "அக்கா, என்ன விசேசம்?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ராமுத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரப்படாது. பாட்டுப் போடப்படாது. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருங்க. விருந்தாளுக வாராக" என்று கையையும் ஆட்டிச் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. இப்போதுதான் தெரு பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று ராமுத்தாய்க்குத் தோன்றியது.

சம்பந்தி வீட்டு வேன் வந்தது. ஜீவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது ராமுத்தாய்க்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. முகம் பூசினாற்போல இருந்தது. காலில் வீக்கம் இருந்தது. பின்னால் இறங்கிய பழனியம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், டி.வி. சத்தத்தைக் கேட்டாள். "பரவால்லீங்களே சம்பந்தி, ஊரு நெறஞ்சு இருக்குதே" என்றாள். ராமுத்தாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் இவ்வளவு சுலபமாக எடுபட்டுவிட்டதே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

மோர் குடித்து முடித்ததும் பழனியம்மாள் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க சம்பந்தி, வீடு வீடாப் போயிக் குங்குமம் குடுத்துக் கூப்புட்டுட்டு வந்துரலாமுங்க."

"எல்லாம் ஏற்கனவே சொல்லியாச்சு மதினி. அவுகளே வருவாக."

"அதெப்படீங்க? எங்க பக்கத்துல வளையல் போட வாரவங்கள, அன்னைக்கு வாசப்படி ஏறிக் குங்குமம் வெச்சுத்தான் கூப்புடுவோம். இல்லீன்னா மரியாத இல்லீங்களே."

இப்படி ஒரு வழக்கம் இருப்பதை ஜீவிதாவாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ராமுத்தாய் மகளை முறைத்தாள். ஜீவிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈஸ்வரன் மட்டும் "சரி விடு" என்று மெதுவாகச் சொன்னார்.

முதல் வீடு. பழனியம்மாள் வாசலில் நின்று, "வூட்டுல யாருங்க?" என்றாள். பதில் இல்லை. "குளிச்சுக்கிட்டு இருப்பாக மதினி" என்றாள் ராமுத்தாய். இரண்டாவது வீடு. அங்கேயும் பதில் இல்லை. "இவுகளும் குளிக்கிறாகளாக்கும்" என்று ராமுத்தாயே முந்திக்கொண்டு சொன்னாள். பழனியம்மாள் பேசாமல் கொடியில் கிடந்த பச்சைச் சேலையின் முந்தானையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நிச்சயத்துக்கு நான் உங்களுக்கு எடுத்துக் குடுத்த சேலைங்களே?"

"அதே மாதிரி... இவுகளும் எடுத்திருக்காக."

"பழனியில கடைக்காரன் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குதுன்னானுங்க."

மூன்றாவது உடையப்பன் வீடு. டி.வி. ஓடிக்கொண்டிருந்ததால் பழனியம்மாள் தைரியமாகப் படியேறி, குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டு, "அம்மிணி, வெளிய வாங்க" என்றாள். தலைக்கு மேலே, கேமராவோடு இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண்குரல் கரகரத்தது.

"யாரு அது? ஏய், யாரும்மா நீ? எங்க வீட்டுக்குள்ள என்ன வேல?"

பழனியம்மாள் கையிலிருந்த சிமிழ் கீழே விழுந்து வாசலெல்லாம் குங்குமமாயிற்று.

"ராமுத்தாய் அக்கா! யாருக்கா இது? டி.வி.ய யாருக்கா போட்டது? கொடியில யார் சேலக்கா தொங்குது?"

ராமுத்தாய்க்குப் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது. கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். "ஆமாடா, நான்தான் போட்டேன்! வாடான்னா வரமாட்டீக. ஆனா வாசல்ல ஒருத்தர் நின்னா மட்டும் ஒடனே வாய் வந்துரும்! ஒரு வளையல் போட ஒம் பொண்டாட்டிய அனுப்ப முடியல, யாரு யாருன்னு கேக்குறியா? நிறுத்துடா!" கேமரா அமைதியாகிவிட்டது. உள்ளே டி.வி.யில் யாரோ பல்பொடி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பழனியம்மாள் கோபப்பட்டிருந்தால்கூட ராமுத்தாய் திருப்பிக் கோபப்பட்டிருப்பாள். அவள் கோபப்படவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சம்பந்தி, பொய் சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். புள்ளைக்கு வலி எடுத்துச்சுன்னு வெச்சுக்கங்க. நூத்தியெட்டு வண்டி எப்படியும் வரும். அது வார வரைக்கும் கையப் புடிச்சுக்கறதுக்கு, வெந்நி வெச்சுக் குடுக்கறதுக்கு, யாரக் கூப்புடுவீங்க? ஒரே ஒரு பேரு சொல்லுங்க போதும், நான் வுட்டுட்டுப் போறேன்."

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். வந்த பேரெல்லாம் திருப்பூரில் இருந்தது, திண்டுக்கல்லில் இருந்தது. ஜக்கம்மாள் பேரைச் சொல்லலாம், கூப்பிட்டால் அவளுக்குக் கேட்க வேண்டுமே. மகளை இந்த வண்டியிலேயே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது நிச்சயமாகிவிட்டது.

அப்போது தெருக்கோடியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பழனியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க யாருங்க?"

"அது... இந்திக்காரவுக. மில் வேலைக்கு வந்தவுக."

"எத்தன பேரு இருப்பாங்க?"

"யாரு கண்டா? முப்பது நாப்பது இருக்கும்."

"பொம்பளைங்க இருக்காங்களா?"

"இருக்காக."

"அதுல ஒருத்தி பேரு சொல்லுங்க பார்ப்போம்."

மூன்று வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருத்தி பேருகூட ராமுத்தாய்க்குத் தெரியாது.

"என்னங்க சம்பந்தி நீங்க" என்று பழனியம்மாள் எழுந்தாள். இப்போதுதான் அவள் குரலில் கோபம் வந்தது. "உசுரோட இருக்கற நாப்பது பேர உள்ள வெச்சுச் சாத்திப்புட்டு, பூட்டுன வூட்டத் தொறந்து எனக்குக் காட்டுனீங்களாக்கும்!"

சொல்லிவிட்டுக் கீழே கொட்டியிருந்த குங்குமத்தில் மண் படாததாகக் கொஞ்சம் சிமிழில் அள்ளிக்கொண்டு லைன் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். ராமுத்தாய் வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். வெயிலில் மண் சுட்டது. செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அது யார் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று நினைவுக்கு வரவில்லை.

முதல் கதவைத் தட்டினார்கள். காலையில் குழாயடியில் நின்ற பெண்தான் திறந்தாள். இடுப்பில் அதே குழந்தை. ராமுத்தாயைப் பார்த்ததும் பயந்துபோய், "அக்கா, நாங்க வெளிய வரல. பாட்டுப் போடல" என்றாள்.

பழனியம்மாள் ராமுத்தாயைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு, நாலு அடி அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஒம் பேரு என்னத்தா?" என்று ராமுத்தாய் கேட்டாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"மினதி, அக்கா."

"எம் மகளுக்கு இன்னைக்கு..."

"தெரியும் அக்கா. ஜீவிதா. ஒம்பது மாசம். காலு வீங்குது. மாப்ள பம்பு கம்பெனி." மினதி சிரித்தாள். "நீங்க குழாய்கிட்ட நின்னு போன்ல பேசுறீங்கல்ல, சத்தமா? அதக் கேட்டுத்தான் நான் தமிழ் படிச்சேன். உடையப்பனை 'எடுபட்ட பயலே'ன்னு சொல்வீங்க. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அது தெரியும்."

பழனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ இந்திக்காரிதானே?" என்று ராமுத்தாய் தடுமாறினாள்.

"இந்தி இல்ல அக்கா. ஒடியா. எங்க ஊரு ஒடிசா."

பழனியம்மாள் அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "ஊர்ல பொறந்தானா?"

"இங்கதாங்க. இந்த ரூம்ல." மினதி உள்ளே கை காட்டினாள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி. "போன வருசம் பெரிய மழை வந்துச்சுல்ல, அன்னைக்கு. ஆம்புலன்ஸ் ரோட்டுல நின்னுருச்சு. எங்க பொம்பளைங்க நாலு பேரு சேந்து பாத்தாங்க. நான் ரொம்பக் கத்துனேன்." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அக்காகூட அங்கிருந்து சத்தம் போட்டாங்க, 'ஏ, ஒங்க சண்டைய நிறுத்துங்கடி'ன்னு."

ராமுத்தாய்க்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. இந்திக்காரப் பெண்களுக்குள் அடிதடி என்று நினைத்துக்கொண்டு, வாசலில் நின்று கத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். ஒருத்தி பிள்ளை பெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். கூப்பிடு தூரத்தில். 'இந்தத் தெருவுல ஒரு புள்ள பொறந்து எத்தன வருசமாச்சு' என்று அதற்குப் பிறகும் எத்தனை பேரிடம் மூக்கைச் சிந்தியிருக்கிறாள்! வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. பூட்டிய வீட்டுக்காரர்கள்மேல் அவள் பட்ட கோபம் அத்தனையும் திரும்பி வந்து அவள்மேலேயே விழுந்தது.

"வாத்தா" என்றாள். "எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. எம் மகளுக்கு வளையல் போட."

அதற்குமேல் யாரையும் தனியாகக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவுகள் திறந்தன. தலை சீவி, பளிச்சென்ற சேலை கட்டி, பெண்கள் வந்தார்கள். நாத்தனார்களும் அத்தைகளும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, சந்தனம் பூசி, ஜீவிதாவின் கையில் கண்ணாடி வளையல் ஏற்றினார்கள். ஒருத்தி வாயில் கைவைத்துக் குலவை போலவே ஒரு சத்தம் எழுப்பினாள். அது அவர்கள் ஊர்ச் சத்தமாம். காது கேட்காத ஜக்கம்மாளே எழுந்து வந்து என்ன என்று பார்த்தாள். ஜீவிதா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ராமுத்தாய்க்கு அன்றைக்கு முதன்முதலாக மூச்சு ஒழுங்காக வந்தது.

தக்காளிச் சோறும் புளிச் சோறும் பரிமாறும்போது பழனியம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க. அந்த மினதிப் புள்ளைய நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன், உங்கள நம்பி இல்லீங்க."

"சரிங்க மதினி" என்றாள் ராமுத்தாய். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு ஊரே இரண்டுபட்டிருக்கும். அன்றைக்கு அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். மகள் இருக்கப் போகிறாள், அது போதும்.

வேன் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. மினதி கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். ராமுத்தாய் அவள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தையிலதான் அக்கா தேதி?"

"ஆமாத்தா. பொங்கல ஒட்டின்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. நீ பக்கத்துல இருக்க, எனக்கென்ன கவல?"

மினதி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நாங்களும் தையில போறோம் அக்கா. ஓசூர். அங்க கம்பெனியில கூட சம்பளம். லைன் வீட்டுல பாதிப் பேரு போறோம்."

"பொங்கலுக்கு முந்தியா, பிந்தியா?"

"தெரியல அக்கா. மேஸ்திரி எப்ப சொல்றாரோ அப்ப."

ராமுத்தாய் அவளையே பார்த்தாள். இன்றைக்குத்தான் பேர் கேட்டது. இன்றைக்குத்தான் குங்குமம் வைத்தது. மறுபடியும் ஓசூர்! வாயிலிருந்து திட்டு புறப்பட்டு வந்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

"நீயுமாடி? அவனுக்கு ஆர்டர், அவளுக்குக் காதுகுத்து, ஒனக்கு ஓசூரா? ஆளாளுக்குப் போயிட்டா நான் மட்டும் இங்க என்னத்துக்குடி? எடுபட்டவளே, எம் மக பெத்துப் பொழச்சு எந்திரிக்கிற வரைக்கும் நீ இந்தத் தெருவ விட்டு ஒரு எட்டு வச்சேன்னு வையி, ஓசூருக்கே வந்து ஒன் மயிரப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன், ஆமா! ஒம் மேஸ்திரி யாரு? நம்பர் குடு, நான் பேசுறேன்!"

மினதி கோபித்துக்கொள்ளவில்லை. உடையப்பனைத் திட்டுவதுபோலத் திட்டுகிற அளவுக்குத் தானும் இந்த ஊரில் ஒருத்தியாகிவிட்டது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கண் கலங்கச் சிரித்துக்கொண்டே போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

வேனில் ஏறப்போன பழனியம்மாள் சத்தம் கேட்டுத் திரும்பினாள். "என்னங்க சம்பந்தி, யாரோட சண்ட?"

"சண்ட இல்ல மதினி, நீங்க கெளம்புங்க" என்று ராமுத்தாய் இங்கிருந்தே கத்தினாள். "பக்கத்து வீட்டுக்காரி. பேசிக்கிட்டு இருக்கோம்."